இதய வால்வுகள்: அழுத்தம் திறக்கும், அழுத்தமே மூடும்

இதய வால்வைத் திறக்கச் சொல்லி எந்த நரம்பும் கட்டளை அனுப்புவதில்லை. எந்தத் தசையும் அதை இழுத்துத் திறப்பதில்லை, பிடித்து மூடுவதும் இல்லை. இந்தப் பக்கம் அழுத்தம் கூடினால் இதழ்கள் விலகிக்கொள்ளும். அந்தப் பக்கம் கூடினால் ஒட்டிக்கொள்ளும். நிமிடத்துக்கு 70 துடிப்பு என்று கணக்கிட்டால் ஒரு நாளில் இது 1 லட்சம் முறை நடக்கிறது. 70 வயதை எட்டும்போது 250 கோடியைத் தாண்டிவிடும். எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட்) அறிக்கையில் வரும் எண்கள், டாக்டர் ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் ஒலிகள், நோயாளி சொல்லும் மூச்சுத்திணறல் என வால்வு சம்பந்தப்பட்ட ஏறக்குறைய எல்லாவற்றையும் இந்த அழுத்த வேறுபாட்டைக் கொண்டே விளக்கிவிடலாம். உறுப்புகளின் பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட, எந்த அறையில் எந்த நேரத்தில் எவ்வளவு அழுத்தம் என்று தெரிந்துவைத்திருப்பது அதிகம் உதவும்.

நான்கு வால்வுகளும் அவற்றைத் தாங்கும் சட்டமும்

இதயத்தில் மேலே இரண்டு அறைகள், கீழே இரண்டு அறைகள். மேலறைகள் ரத்தத்தை வாங்கி வைப்பவை. கீழறைகள் வெளியே தள்ளுபவை. வலது மேலறைக்கும் வலது கீழறைக்கும் நடுவே இருப்பது ட்ரைகஸ்பிட் வால்வு. வலது கீழறையிலிருந்து நுரையீரல் தமனி கிளம்பும் இடத்தில் பல்மனரி வால்வு. நுரையீரலில் ஆக்ஸிஜன் ஏற்றிக்கொண்ட ரத்தம் இடது மேலறைக்கு வந்து, மைட்ரல் வால்வு வழியாக இடது கீழறைக்குள் இறங்குகிறது. அங்கிருந்து அயோர்ட்டிக் வால்வைத் தாண்டி மகாதமனிக்குள் போகிறது.

படங்களில் இவை நான்கும் ஆளுக்கொரு மூலையில் இருப்பதுபோலத் தெரியும். உண்மையில் மார்பெலும்புக்குப் பின்னால், ஒரே சாய்வான தளத்தில், ஒன்றோடொன்று நெருங்கித்தான் இருக்கின்றன. நடுவில் அயோர்ட்டிக் வால்வு. அதன் பின்னால் இடப்புறம் மைட்ரல், வலப்புறம் ட்ரைகஸ்பிட். இந்த மூன்றின் வளையங்களையும் பிணைத்து நிற்பது உறுதியான நார்த்திசுச் சட்டம். பல்மனரி வால்வு மட்டும் முன்னால், சற்று உயரத்தில், தசையாலான ஒரு குழலின் மேல் தனியாக உட்கார்ந்திருக்கிறது. தனியாக இருப்பதால் அதைக் கழற்றி எடுக்க முடியும். நோயாளியின் சொந்தப் பல்மனரி வால்வை எடுத்துக் கெட்டுப்போன அயோர்ட்டிக் வால்வின் இடத்தில் பொருத்தும் அறுவை சிகிச்சையை டொனால்ட் ராஸ் 1967-இல் செய்துகாட்டியதற்கு இந்த அமைப்புதான் இடம்கொடுத்தது.

நார்ச்சட்டத்துக்கு இன்னொரு வேலை உண்டு. மேலறையின் மின்துடிப்பு கண்ட இடத்தில் கீழறைக்குள் பாயாதபடி அது மின்காப்பாக நிற்கிறது. ஹிஸ் கற்றை என்ற ஒற்றைப் பாதை மட்டும் சட்டத்தைத் துளைத்துக் கீழே இறங்குகிறது. அந்தத் துளை அயோர்ட்டிக் வால்வுக்கு மிக அருகில், அதன் இரண்டு இதழ்கள் சந்திக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. அயோர்ட்டிக் வால்வில் சுண்ணாம்பு அதிகம் படிந்தாலோ, அங்கே சீழ் கட்டினாலோ, செயற்கை வால்வு வைக்கும்போது அந்த இடம் நசுங்கினாலோ இதயத்துடிப்பின் மின்பாதை தடைபடுவது இதனால்தான். வால்வு மாற்றிய சிலருக்குப் பேஸ்மேக்கரும் தேவைப்படுகிறதே, அதற்கும் காரணம் இந்த நெருக்கம்தான்.

மைட்ரல் என்ற கூட்டுக்கருவி

மைட்ரலை வெறும் இரண்டு இதழ்கள் என்று நினைப்பவர்களுக்கு அதன் நோய்கள் புரியாது. வளையம், இதழ்கள், இதழ்களைப் பிடித்திருக்கும் நாண்கள், நாண்களின் மறுமுனை ஒட்டியிருக்கும் பாப்பில்லரி தசைகள், அந்தத் தசைகள் முளைக்கும் கீழறைச் சுவர் ஆகிய ஐந்தும் சேர்ந்ததுதான் வால்வு. ஐந்தில் எது கெட்டாலும் ரத்தம் பின்னோக்கிக் கசியும்.

வளையம் தட்டையானது அல்ல. குதிரைச் சேணம்போல வளைந்தது. முன்னிதழ் அகலமானது, வளையச் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்கை மட்டுமே பிடித்திருந்தாலும் வாயின் பெரும்பகுதியை அதுதான் மூடுகிறது. பின்னிதழ் குட்டையானது, ஆனால் மிச்சச் சுற்றளவு முழுக்க நீண்டு மூன்று மடல்களாகப் பிரிந்திருக்கும். எக்கோ அறிக்கையில் பி1, பி2, பி3 என்று வருவது இந்த மடல்கள்தான். மூடும்போது இரண்டு இதழ்களும் விளிம்போடு விளிம்பு முட்டி நிற்பதில்லை. ஏறத்தாழ 8 மி.மீ. உயரத்துக்கு முகத்தோடு முகம் ஒட்டி நிற்கின்றன. கைவசம் இருக்கும் இந்தக் கூடுதல் திசுதான் வால்வின் சேமிப்பு. கீழறை கொஞ்சம் விரிந்தாலும், வளையம் கொஞ்சம் அகன்றாலும், அந்தச் சேமிப்பு தீரும்வரை கசிவு தெரியாது.

இதழ்களின் அடிப்புறத்திலிருந்து கிளம்பும் நாண்கள் எல்லாம் ஒரே வகை இல்லை. இதழின் விளிம்பில் ஒட்டியவை மெல்லியவை. இதழ் மேலறைக்குள் மடங்கிப் போகாமல் தடுப்பவை அவைதான். இவற்றில் ஒன்று அறுந்தாலும் இதழின் அந்தப் பகுதி கட்டவிழ்ந்து மேலறைக்குள் புரளும். இதழின் வயிற்றுப் பகுதியில் ஒட்டியவை தடிமனானவை. அவை கீழறையின் வடிவத்தைக் கட்டிக்காக்கின்றன. வால்வை மாற்றும்போது முன்பெல்லாம் நாண்களை ஒட்ட வெட்டி எறிந்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் கீழறை உருண்டு விரிந்து பலம் குன்றுகிறது என்று தெரிந்தபின், முடிந்தமட்டும் நாண்களை விட்டுவைத்தே புதிய வால்வைப் பொருத்துகிறார்கள்.

பாப்பில்லரி தசைகள் இரண்டு. ஒவ்வொன்றும் இரண்டு இதழ்களுக்குமே நாண் அனுப்புகிறது. அவை சுருங்குவது வால்வை மூடுவதற்கு என்று பாடப்புத்தகம் படித்தவர்களே சொல்வதுண்டு, அது தவறு. மூடுவது அழுத்தத்தின் வேலை. கீழறை சுருங்கும்போது அதன் நீளம் குறைகிறது. அந்த நேரத்தில் நாண்கள் தொளதொளத்துப் போனால் இதழ்கள் மேலே எகிறிவிடும். தசையும் சேர்ந்து சுருங்கி நாண்களின் இறுக்கத்தைக் காப்பாற்றுகிறது, அவ்வளவே.

இரண்டு தசைகளுக்கும் ரத்தம் வரும் வழியில் ஒரு முக்கியமான வேறுபாடு. முன்புறத் தசைக்குப் பெரும்பாலும் இரண்டு தமனிகளிலிருந்து ரத்தம் வருகிறது. பின்புறத் தசைக்குப் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மட்டும். ஆகவே மாரடைப்பில் அந்த ஒற்றைத் தமனி அடைபட்டால் பின்புறத் தசை செத்து, சில நாட்களில் அறுந்துவிடலாம். மாரடைப்பு வந்து முதல் வாரத்துக்குள் நோயாளிக்குத் திடீரென்று மூச்சு முட்டி, நுரையீரலில் நீர் கோத்தால் மருத்துவர்கள் அவசரமாக எக்கோ எடுப்பது இதைத் தேடித்தான்.

ட்ரைகஸ்பிட்டும் இதே குடும்பம்தான். பொதுவாக மூன்று இதழ்கள். எண்ணிக்கை ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். நான்கு வால்வுகளில் வாய் பெரியது இதற்குத்தான், 7 முதல் 9 சதுர செ.மீ. மைட்ரலுக்கு 4 முதல் 6. ட்ரைகஸ்பிட் வளையத்தின் வெளிப்பக்கத்தில் உறுதியான நார்ப்பிடிப்பு குறைவு. வலது கீழறை வீங்கினால் வளையம் அந்தப் பக்கமாக விரியும். இதழ்களில் ஒரு குறையும் இல்லாமலேயே கசிவு வருவது இந்த வால்வில்தான் அதிகம்.

நாணே இல்லாத வால்வுகள்

அயோர்ட்டிக், பல்மனரி இரண்டுக்கும் நாணும் இல்லை, தசையும் இல்லை. பை வடிவத்தில் மூன்று இதழ்கள், ஒவ்வொன்றும் 1 மி.மீ.க்கும் குறைவான தடிமன். ரத்தம் பின்னோக்கி வந்தால் பைகள் நிரம்பி, மூன்றும் நடுவில் முட்டி மூடிக்கொள்ளும். அந்த மெல்லிய இதழுக்குள்ளும் மூன்று அடுக்குகள். மகாதமனிப் பக்கம் இழுவையைத் தாங்கும் கொலாஜன், கீழறைப் பக்கம் நீண்டு சுருங்கும் எலாஸ்டின், நடுவே அதிர்வை உள்வாங்கும் பஞ்சு போன்ற அடுக்கு. வயதாகும்போது சுண்ணாம்பு படிவது முதன்மையாக மகாதமனிப் பக்க அடுக்கில்தான்.

ஒவ்வொரு இதழுக்குப் பின்னாலும் மகாதமனியின் சுவர் வெளியே புடைத்து ஒரு குழிவாக இருக்கும். இந்தக் குழிவு எதற்கு? இதழ் திறக்கும்போது சுவரோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அது இடைவெளி தருகிறது. அங்கே ரத்தம் சுழன்று, வேகம் குறையும் தருணத்தில் இதழை மெல்ல உள்ளே தள்ளுகிறது. பின்னோக்கிய ஓட்டம் தொடங்குவதற்கு முன்பே இதழ்கள் பாதி மூடியிருக்கும். அதனால் அவை படாரென்று அடித்துக்கொள்வதில்லை, கசிவும் மிகக் குறைவு. லியொனார்டோ டா வின்சி 1513-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தச் சுழல்களை வரைந்து, அவை வால்வை மூட உதவும் என்றும் எழுதிவைத்தார். நானூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்துச் சோதனைக்கூட மாதிரிகளும், பிறகு எம்.ஆர்.ஐ. படங்களும் அவர் வரைந்தது சரி என்று காட்டின.

இதயத் தசைக்கே ரத்தம் கொடுக்கும் இரண்டு கரோனரி தமனிகளும் இந்தக் குழிவுகளிலிருந்துதான் கிளம்புகின்றன. மூன்று குழிவுகளில் இரண்டில் வாய் உண்டு. மூன்றாவது வெறுமனே இருக்கும். இடது கீழறைத் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் அது தளர்ந்திருக்கும் நேரத்தில், அயோர்ட்டிக் வால்வு மூடிய பிறகுதான் கிடைக்கிறது. அந்த வால்வின் நோயில், கரோனரி தமனிகள் சுத்தமாக இருந்தாலும் நெஞ்சுவலி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு துடிப்புக்குள் என்ன நடக்கிறது

நிமிடத்துக்கு 75 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு 0.8 வினாடி. அதில் சுருக்கம் 0.3 வினாடிக்குச் சற்றுக் குறைவு, மிச்சம் ஓய்வு.

ஓய்வில் தொடங்குவோம். இடது மேலறையில் அழுத்தம் 10 மி.மீ. பாதரசம் அளவில், கீழறையில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. மைட்ரல் திறந்திருக்கிறது, ரத்தம் தானாகவே இறங்குகிறது. கீழறை நிரம்புவதில் பெரும்பங்கு இப்படித்தான். கடைசியில் மேலறை ஒருமுறை சுருங்கி மேலும் 20 முதல் 30 சதவீதத்தைத் தள்ளுகிறது. இப்போது கீழறையில் ஏறத்தாழ 120 மி.லி. ரத்தம்.

கீழறை சுருங்கத் தொடங்கியதும் அதன் அழுத்தம் மேலறையைத் தாண்டுகிறது; மைட்ரல் மூடுகிறது. இதுதான் முதல் இதய ஒலி. ஆனால் மகாதமனியில் அழுத்தம் 80. கீழறை அதை எட்டும்வரை அயோர்ட்டிக் வால்வும் மூடியே இருக்கும். ஏறத்தாழ 0.05 வினாடிக்கு நுழைவாயில், வெளிவாயில் இரண்டுமே மூடிய அறைக்குள் அழுத்தம் மட்டும் விறுவிறுவென்று ஏறுகிறது. 80-ஐத் தாண்டியதும் வால்வு திறந்து, 70 மி.லி. அளவு ரத்தம் வெளியேறுகிறது. மிச்சம் 50 மி.லி. உள்ளேயே தங்கும், இதயம் ஒருபோதும் முழுக்கக் காலியாவதில்லை. கீழறை தளரத் தொடங்கியபின், அழுத்தம் மகாதமனியைவிடச் சற்றுக் குறைந்த பிறகும்கூட, ஓடிய வேகத்தில் ரத்தம் கொஞ்ச நேரம் வெளியே போய்க்கொண்டிருக்கும். பிறகு திரும்ப முயலும்போது வால்வு மூடுகிறது, இரண்டாம் ஒலி.

வலது பக்கத்திலும் இதே நாடகம்தான், ஆனால் குறைந்த அழுத்தத்தில். வலது கீழறை 25 வரை ஏறினால் போதும். மூச்சை இழுக்கும்போது வலது பக்கத்துக்கு அதிக ரத்தம் வருவதால் பல்மனரி வால்வு சற்றுத் தாமதமாக மூடும். இரண்டாம் ஒலி இரண்டாகப் பிரிந்து கேட்கும். இது இயல்பு.

ஸ்டெதஸ்கோப்பை வைக்கும் இடங்கள் வால்வுகளுக்கு நேர் மேலே உள்ளவை அல்ல. வால்வு எழுப்பும் ஒலி ரத்தம் ஓடும் திசையில் பயணிக்கிறது. அது மார்புச்சுவரை நெருங்கும் இடத்தில்தான் கேட்க முடியும். அயோர்ட்டிக் வால்வின் ஒலியை வலப்புறம் இரண்டாவது விலா இடைவெளியிலும், பல்மனரியை இடப்புறம் அதே உயரத்திலும், ட்ரைகஸ்பிட்டை மார்பெலும்பின் இடது கீழ்விளிம்பிலும், மைட்ரலை இதயமுனையான ஐந்தாவது இடைவெளியிலும் கேட்பார்கள்.

சுருக்கம்: வாய் குறுகும்போது

வால்வு கெடுவது இரண்டே விதம். சரியாகத் திறக்காது, அல்லது சரியாக மூடாது. சிலருக்கு ஒரே வால்வில் இரண்டும் சேர்ந்திருக்கும்.

வாய் குறுகினால் அதே ரத்தம் அதிக வேகத்தில் பாய வேண்டும். டாப்ளர் எக்கோ அளப்பது இந்த வேகத்தைத்தான். வேகத்தை வர்க்கமாக்கி நான்கால் பெருக்கினால் அழுத்த வேறுபாடு வந்துவிடும். வேகம் வினாடிக்கு 1 மீட்டர் என்றால் 4 மி.மீ. பாதரசம், 2 மீட்டருக்கு 16, 4 மீட்டருக்கு 64. அயோர்ட்டிக் வால்வில் 4 மீட்டரைத் தொட்டாலோ, சராசரி வேறுபாடு 40-ஐத் தொட்டாலோ கடுமையான சுருக்கம் என்கிறார்கள். இயல்பில் 3 முதல் 4 சதுர செ.மீ. இருக்கும் வாய் அப்போது 1 சதுர செ.மீ. அல்லது அதற்கும் கீழே வந்திருக்கும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கீழறை களைத்துப்போனால் அதால் ரத்தத்தை வேகமாகத் தள்ள முடியாது. வால்வு மிக மோசமாக இருந்தும் வேகம் 3 மீட்டர் என்றே காட்டும். ‘மிதமான சுருக்கம்’ என்று அறிக்கையைப் படித்து நிம்மதியடைவது அந்த நோயாளிக்கு ஆபத்து. வாயின் பரப்பையும் கீழறையின் திறனையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் சி.டி.யில் சுண்ணாம்பின் அளவையும் பார்ப்பார்கள். மர்மர் (ரத்தம் சுழித்துப் பாயும் இரைச்சல்) சத்தமாகக் கேட்கிறதா என்பதும் நம்பத்தக்க அளவுகோல் அல்ல. இரண்டாம் ஒலி மங்கி, மர்மரின் உச்சம் கீழறை சுருங்கும் நேரத்தின் கடைசிக்குத் தள்ளிப்போனால்தான் கடுமை என்று பொருள்.

அயோர்ட்டிக் சுருக்கத்துக்கு மூன்று காரணங்கள் பிரதானம். முதுமையில் சுண்ணாம்பு படிவது, பிறவியிலேயே மூன்றுக்குப் பதில் இரண்டு இதழ் இருப்பது, ருமாட்டிக் காய்ச்சல். இரண்டு இதழ் வால்வு 100 பேரில் 1 அல்லது 2 பேருக்கு இருக்கிறது. பலருக்கு ஆண்டுக்கணக்கில் தொந்தரவே இருக்காது. ஆனால் இதழ்களில் விழும் சுமை சீராக இல்லாததால் சுண்ணாம்பு ஓரிரு பத்தாண்டுகள் முன்னதாகவே படியும். கூடவே மகாதமனியும் விரியலாம். அதனால் வால்வு நன்றாக இருந்தாலும் மகாதமனியின் அகலத்தை இடைவெளி விட்டு அளந்துகொண்டே இருக்க வேண்டும்.

சுண்ணாம்பு என்றதும் குழாயில் உப்பு படிவதுபோல நினைக்க வேண்டாம். இதழில் உள்ள செல்களே எலும்பு உண்டாக்கும் செல்களைப்போல மாறி அதைச் செய்கின்றன. கால்சியம் உணவைக் குறைப்பதால் பயனில்லை. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகள் இதைத் தடுக்கும் என்று எதிர்பார்த்துச் செய்த ஆய்வுகளும் கைகொடுக்கவில்லை. மாத்திரையால் இந்த வால்வைத் திறக்க முடியாது என்பதை நோயாளியிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது.

நடந்தால் மூச்சு வாங்குவது, நெஞ்சுவலி, மயங்கி விழுவது. இந்த மூன்றில் ஒன்று தொடங்கும்வரை அயோர்ட்டிக் சுருக்கம் பல ஆண்டுகள் அமைதியாக இருக்கும். தொடங்கிவிட்டால், வால்வை மாற்றாவிட்டால், சராசரியாக 2 முதல் 5 ஆண்டுகள்தான். பலர் தங்களை அறியாமலே நடையைக் குறைத்துக்கொண்டு ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்பார்கள். ‘போன வருடம் ஏறிய மாடியை இப்போது ஏறுகிறீர்களா?’ என்று கேட்டால்தான் உண்மை வெளிவரும்.

மைட்ரல் சுருக்கத்தின் கதை வேறு. ஏறக்குறைய எப்போதும் காரணம் ருமாட்டிக் காய்ச்சல்தான். 5 முதல் 15 வயதுக்குள் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் தொண்டைப்புண் வருகிறது. அந்தக் கிருமியின் புரதமும் இதயத் திசுவின் புரதமும் ஒத்திருப்பதால், கிருமியை எதிர்க்கக் கிளம்பிய நோயெதிர்ப்பு வால்வையும் தாக்குகிறது. திரும்பத் திரும்ப வரும் தாக்குதலில் இதழ்களின் ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, நாண்கள் தடித்துக் குறுகி, வாய் ஒரு சிறு பிளவாகிவிடும். 1.5 சதுர செ.மீ. அல்லது அதற்குக் கீழே வந்தால் கடுமையானது.

இந்த நோயில் எதிரி வேகமான துடிப்பு. மைட்ரல் வழியாக ரத்தம் இறங்குவது ஓய்வு நேரத்தில் மட்டும். துடிப்பு 75-இல் இருக்கும்போது ஒரு நிமிடத்தில் அந்த நேரம் மொத்தம் ஏறத்தாழ 40 வினாடி. 150-க்கு ஏறினால் அது 30 வினாடி அளவுக்குச் சுருங்கிவிடும். அதே ரத்தம் குறைந்த நேரத்தில் இறங்க வேண்டும். ஓட்டம் இரண்டு மடங்கானால் அழுத்த வேறுபாடு நான்கு மடங்காகும் என்பதை மறக்கக் கூடாது. அதனால்தான் வீட்டுவேலைகளைச் செய்துகொண்டு நன்றாக இருந்த பெண்ணுக்குக் காய்ச்சலிலோ, ரத்த அளவு 40 முதல் 50 சதவீதம் கூடும் கர்ப்பகாலத்திலோ, மேலறை தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கும்போதோ ஒரே இரவில் நுரையீரலில் நீர் கோத்துவிடுகிறது. துடிப்பை மெதுவாக்கும் பீட்டா பிளாக்கர் இங்கே உடனடி நிவாரணம். வீங்கிய மேலறையில் ரத்தம் தேங்கி உறையும். உறைகட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம்.

ஒட்டிய ஓரங்களை பலூனால் பிரிக்கலாம். கான்ஜி இனோவே 1982-இல் தொடங்கி 1984-இல் வெளியிட்ட முறை இது. தொடைச் சிரை வழியாகப் போய், மேலறைச் சுவரைத் துளைத்து, வால்வுக்குள் பலூனை விரிக்கிறார்கள். இதழ்கள் மெல்லியதாகவும் அசையக்கூடியதாகவும் இருந்தால் பலன் அருமை. மேலறையில் உறைகட்டி இருந்தாலோ, ஏற்கெனவே மிதமான அளவுக்குமேல் கசிவு இருந்தாலோ செய்யக் கூடாது.

இதையெல்லாம் வராமல் தடுப்பதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது. தொண்டைப்புண் தொடங்கி 9 நாட்களுக்குள் பென்சிலின் கொடுத்தால் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுத்துவிடலாம். ஒருமுறை வந்துவிட்டவர்களுக்கு 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை 12 லட்சம் யூனிட் பென்சாதீன் பென்சிலின் ஊசி. வால்வு பாதிக்கப்பட்டிருந்தால் குறைந்தது 10 ஆண்டுகள் அல்லது 40 வயது வரை, எது அதிகமோ அதுவரை. ‘உடம்பு நன்றாக இருக்கிறதே’ என்று ஊசியை நிறுத்துவதுதான் அடுத்த தாக்குதலுக்கு வழி.

கசிவு: எவ்வளவு என்பதைவிட எவ்வளவு வேகமாக வந்தது

அறிக்கையில் ‘டிரிவியல் டி.ஆர்.’ (ட்ரைகஸ்பிட்டில் இம்மியளவு கசிவு) அல்லது ‘மைல்ட் எம்.ஆர்.’ (மைட்ரலில் லேசான கசிவு) என்று பார்த்துத் தூக்கம் இழப்பவர்கள் உண்டு. ஆரோக்கியமானவர்களில் பலருக்கு ட்ரைகஸ்பிட்டில் இம்மியளவு கசிவு இருக்கும். டாப்ளர் மிக நுட்பமானது என்பதால் அது தெரிகிறது. வால்வின் அமைப்பு இயல்பாக இருந்தால் அதற்கு மருந்தும் வேண்டாம், கவலையும் வேண்டாம்.

கடுமையான கசிவு மெல்ல மெல்ல வந்தால் கீழறையும் மேலறையும் விரிந்து இடம்கொடுக்கும், அழுத்தம் ஏறாது, ஆண்டுக்கணக்கில் ஓட்டிவிடலாம். அதே அளவு கசிவு ஒரே மணி நேரத்தில் வந்தால் அறைகளுக்கு விரிய அவகாசம் இல்லை. அழுத்தம் நேராக நுரையீரலுக்கு ஏறும். நாண் திடீரென்று அறுந்தவருக்கு இதயம் பெரிதாகியிருக்காது, மர்மரும் பலமாக இருக்காது, ஆனால் நிலைமை உயிராபத்து.

மைட்ரல் கசிவில் இதயத்தின் பம்பிங் சதவீதம் (கீழறையில் நிரம்பிய ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு வெளியேறும் பங்கு) ஏமாற்றும். சுருங்கும்போது ரத்தத்தின் ஒரு பகுதி அழுத்தம் குறைந்த மேலறைக்குச் சுலபமாகப் போய்விடுவதால், பலம் குன்றிய கீழறைகூட 60 சதவீதம் காட்டும். மற்றவர்களுக்கு 60 நல்ல எண்; கடுமையான மைட்ரல் கசிவு உள்ளவருக்கு அது 60-ஐத் தொட்டுவிட்டாலே அறுவை சிகிச்சைக்கு நேரம் வந்துவிட்டது. 50-க்கு இறங்கட்டும் என்று காத்திருந்தால், வால்வைச் சரிசெய்த பிறகும் இதயம் மீளாமல் போகலாம். இதழ் தொய்ந்து வரும் கசிவுக்கு வால்வை மாற்றுவதைவிடப் பழுதுபார்ப்பதே மேல்: புரளும் மடலைச் செதுக்கி, அறுந்த நாணுக்குப் பதில் செயற்கை நாண் கட்டி, வளையத்தை இறுக்குவார்கள். கீழறை வீங்கியதால் நாண்கள் இழுபட்டு வரும் கசிவில் நோய் வால்வில் இல்லை, சுவரில் இருக்கிறது. அங்கே முதலில் இதயச் செயலிழப்புக்கான மருந்துகள்தான்.

அயோர்ட்டிக் கசிவில் வெளியேறிய ரத்தம் ஓய்வு நேரத்தில் திரும்பி வருகிறது. ரத்த அழுத்தத்தின் மேல் எண் ஏறி, கீழ் எண் இறங்கும். 160/50 போன்ற அளவு சாதாரணம். மைட்ரல் சுருக்கத்துக்கு நேர் எதிராக, இதில் மெதுவான துடிப்புதான் கெடுதல். ஓய்வு நீண்டால் கசியும் நேரமும் நீளும். ஒரு வால்வு நோய்க்கு உயிர்காக்கும் பீட்டா பிளாக்கர், திடீரென்று வந்த கடுமையான அயோர்ட்டிக் கசிவில் நிலைமையை மோசமாக்கிவிடலாம்.

மாற்று வால்வும் அதன் கட்டுப்பாடுகளும்

ஆல்பர்ட் ஸ்டாரும் லோவெல் எட்வர்ட்ஸும் கூண்டுக்குள் பந்து அமைப்பு கொண்ட வால்வை மைட்ரல் இடத்தில் வெற்றிகரமாகப் பொருத்தியது 1960-இல். மார்பைத் திறக்காமல், குழாய் வழியாக அயோர்ட்டிக் வால்வை முதன்முதலில் மனிதருக்குப் பொருத்தியவர் அலைன் கிரிபியே. 2002-இல், பிரான்ஸின் ரூவான் நகரில். இன்று முதியவர்களின் அயோர்ட்டிக் சுருக்கத்துக்கு அந்த முறையே பெருவழக்கு.

உலோக வால்வு தேயாது, ஆனால் அதன்மேல் ரத்தம் உறையும். ஆயுள் முழுக்க வார்ஃபரின் என்ற ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை வேண்டும். ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு அயோர்ட்டிக் வால்வுக்கு 2.5-ஐ ஒட்டியும், ஓட்டம் மெதுவாக உள்ள மைட்ரல் இடத்தில் 3-ஐ ஒட்டியும் வைக்கப்படுகிறது. மாடு அல்லது பன்றியின் திசுவால் ஆன வால்வுக்கு நீண்டகால வார்ஃபரின் பெரும்பாலும் தேவையில்லை, ஆனால் 10 முதல் 20 ஆண்டுகளில் கெட்டுவிடும். இளையவர்களுக்கு இன்னும் சீக்கிரம். ஆகவே 50 வயதுக்குக் கீழே உலோகமும், 65-க்கு மேலே திசுவும் பொதுவான தேர்வு. குழந்தை பெற விரும்பும் பெண்ணுக்கு இந்தக் கணக்கு மாறும், ஏனென்றால் வார்ஃபரின் கருவின் 6 முதல் 12 வாரங்களில் சிசுவைப் பாதிக்கக்கூடியது. புதிய வகை ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரைகளை உலோக வால்வுக்குப் பயன்படுத்தக் கூடாது. அவற்றில் ஒன்றான டபிகாட்ரானை வைத்துச் செய்த ஆய்வு, உறைவும் ரத்தக்கசிவும் இரண்டுமே கூடியதால் பாதியில் நிறுத்தப்பட்டு 2013-இல் வெளியானது. ஐ.என்.ஆர். பரிசோதனையிலிருந்து தப்பிக்க யாராவது இந்த மாற்றத்தைச் சொன்னால் வால்வு வைத்த மருத்துவரிடம் கேட்காமல் ஏற்க வேண்டாம்.

மிச்சம் இருப்பது கிருமித்தொற்று. வால்வு கசியும்போது அழுத்தம் குறைந்த பக்கத்தில் ரத்தம் பீய்ச்சி அடித்து உள்தோல் சிராய்க்கும். ரத்தத்தில் வரும் கிருமி அங்கே ஒட்டி வளரும். மைட்ரல் கசிவில் மேலறைப் பக்கம், அயோர்ட்டிக் கசிவில் கீழறைப் பக்கம். செயற்கை வால்வு உள்ளவர்களும், முன்பு இந்தத் தொற்று வந்தவர்களும் ஈறு சம்பந்தப்பட்ட பல் சிகிச்சைக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு அமாக்ஸிசிலின் 2 கிராம் எடுத்துக்கொள்ள வேண்டும். பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் மாற்று மருந்து. சாதாரண மைட்ரல் தொய்வுக்கு இது தேவையில்லை. வால்வு நோய் உள்ளவருக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால், ஆன்டிபயாட்டிக் தொடங்குவதற்கு முன்பே வெவ்வேறு இடங்களிலிருந்து மூன்று முறை ரத்தம் எடுத்துக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) அனுப்ப வேண்டும். முதலில் மாத்திரையைக் கொடுத்துவிட்டால் கிருமி கல்ச்சரில் வளராது. எந்த மருந்தை 4 முதல் 6 வாரம் ஊசியாகப் போடுவது என்று தீர்மானிக்கவும் முடியாது.